ரெண்டு மார்க்கும் நாலு சக்கரமும்

படத்தில் பத்து ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு அலுமினியச் சக்கரங்களும் நான் செய்தவை. ஓரமாகத் தனியே கிடக்கிற ஐந்தாவதும் நான் செய்ததுதான். ஆனால் அதை வண்டியில் மாட்ட முடியாது. இந்தப் பதிவு முக்கியமாக அந்த ஐந்தாவதைப் பற்றியது. கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: 1986 முதல் 2017 வரை 31 வருடம் இயற்பியல் ஆசிரியர். ஊர் கோவை. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு இங்கே மில்கள் பெருகின. மில்களுக்கு உதிரி பாகம் செய்யப் பட்டறைகள் பெருகின. இன்றைக்கும் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நடந்தால் வீட்டு வாசலிலேயே லேத் ஓடும். அப்படிப்பட்ட ஊரில் 31 வருடம் வெர்னியர் அளவி சொல்லிக்கொடுத்த நான், ஓய்வு பெறும்வரை ஒரு லேத்தைத் தொட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆசை வந்தது. மேசை மேல் வைக்கிற சின்ன லேத் ஒன்று வாங்கினேன். 40 கிலோ எடை. வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டிலேயே ஓடும். கார் ஷெட்டில் ஓர் ஓரம் கிடைத்தது. "ரிடையர் ஆனா எல்லாரும் காசிக்குப் போவாங்க, இவரு கறுப்பு எண்ணெய்ல குளிக்கிறாரு" என்று வீட்டம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சக்கர வேலை வந்தது மகள் வயிற்றுப் பேரனால். அவனிடம் ரிமோட்டில் ஓடும் கார் ஒன்று உண்டு. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. வேகமாக ஓடுகிற ரகம் அல்ல. பாறையில் நடந்து ஏறுகிற ரகம். போன கோடை விடுமுறையில் மாடிப்படியிலிருந்து விழுந்து இரண்டு பிளாஸ்டிக் சக்கரம் உடைந்துவிட்டது. டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்ததால் டயரும் வீண்.

"அப்புச்சி, அலுமினியத்துல விக்கிறாங்க. டயரை ஒட்ட வேண்டியதில்ல, வளையம் போட்டு ஸ்குரூல இறுக்குறது" என்று செல்போனில் காட்டினான். வாங்கியிருந்தால் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்திருக்கும். நான்தான் வாயைக் கொடுத்தேன். "இதென்னடா பிரமாதம், நானே செஞ்சு தர்றேன்" என்றேன்.

அலுமினியம் எதற்கு என்று கேட்பீர்கள். வேகமாக ஓடும் காருக்குச் சக்கரம் லேசாக இருக்க வேண்டும். கனமான சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் அதிகம் பாடுபட வேண்டும். என் பழைய மாணவர்களுக்கு நிலைமத் திருப்புத்திறன் பாடம் ஞாபகம் இருக்கலாம். பாறை ஏறும் வண்டிக்குக் கதையே வேறு. எடை தரைக்குப் பக்கத்தில், சக்கரத்திலேயே இருந்தால் ஈர்ப்பு மையம் தாழும், சரிவில் வண்டி கவிழாது. அதற்காக இரும்பில் செய்தால் மோட்டார் திணறும். அலுமினியம் நடுவாந்தரம். நான் செய்த சக்கரம் ஒன்று சமையலறைத் தராசில் 75 கிராம் காட்டியது.

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் 55 மி.மீ. விட்டத்தில் 6061 ரக உருண்டைக் கம்பி ஓர் அடி வாங்கினேன். கிட்டத்தட்ட 2 கிலோ. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த கலவை இது. பாத்திரம் உருக்கி வார்த்த அலுமினியம்போல டூலில் பிசுபிசுவென்று ஒட்டாது, சுத்தமாக வெட்டும். டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் 1.9 அங்குலம், அதாவது 48.26 மி.மீ. அச்சோடு சக்கரத்தைப் பிணைப்பது 12 மி.மீ. அறுகோணம். காகிதத்தில் படம் வரைந்து, எல்லா அளவும் எழுதி, வாத்தியார் தோரணையில் ஆரம்பித்தேன்.

கம்பியைச் சக்கில் மாட்டி ஒரு பக்கம் முழுக்கக் கடைந்தேன். அறுத்து எடுத்துத் திருப்பி மாட்டி மறுபக்கம் கடைந்தேன். வெர்னியரில் அளந்தால் வரைபடத்தில் போட்ட எல்லா அளவும் இம்மி பிசகாமல் இருந்தது. பெருமை தாங்கவில்லை. வண்டியில் மாட்டி ஓட்டினால் சக்கரம் கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆள் மாதிரி தள்ளாடுகிறது. மறுபடியும் அளந்தேன். எல்லா அளவும் சரி. சக்கரம் மட்டும் தப்பு.

இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. கணபதியில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். முதலாளி மிஷினை நிறுத்திவிட்டு, பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வணக்கங்க சார்" என்றார். ஆசிரியர்களுக்கு இது பழகிய விஷயம்தான். முகத்தை நாம் மறந்திருப்போம், அவர்கள் மறப்பதில்லை. பெயரைச் சொன்னார். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. இவரை நான் மறந்திருக்கவில்லை.

1996. பதினொன்றாம் வகுப்பு. வெர்னியர் அளவியால் பித்தளை உருளையின் விட்டம் காணும் செய்முறைத் தேர்வு. முதன்மைக்கோல் அளவு, வெர்னியர் ஒன்றிப்பு, மீச்சிற்றளவு, சுழித்திருத்தம் என்று அட்டவணை போட்டு, ஆறு முறை அளந்து, சராசரி எடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஒருமுறைதான் அளப்பார்கள். மீதி ஐந்தையும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் கற்பனையாக எழுதிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். அட்டவணை அழகாக இருந்தால் பத்துக்குப் பத்து.

இந்தப் பையன் மட்டும் அட்டவணையே போடவில்லை. ஒரே வரி எழுதியிருந்தான்: "ஒரு இஞ்ச் ராடு. 25.4 மி.மீ." விடை சரி. நான் ரெண்டு மார்க் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பு முன்னால் நிற்கவைத்து, "நீ லேத்துக்குத்தான் லாயக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. குடும்பக் கஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். நானும் அதையே சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது அவர் பட்டறை முதலாளி. மூன்று லேத், நான்கு ஆட்கள். தலையில் நரை. நான் "வாங்க, போங்க" என்று பேச ஆரம்பித்ததும், "சார், நீங்க வாடா போடான்னே சொல்லுங்க" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

என் சக்கரத்தை அச்சுத் துளையில் ஒரு கம்பியில் மாட்டி, டயல் கேஜின் முனையை விளிம்பில் வைத்துக் கையால் சுற்றினார். முள் நாற்பது கோடு போய் வந்தது. ஒரு கோடு 0.01 மி.மீ. அப்படியானால் 0.4 மி.மீ. ஆட்டம்.

"அளவெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. எங்கிருந்து அளந்தீங்க சார்?" என்றார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. விட்டத்தை விட்டத்தில்தானே அளப்பார்கள்? அவர் விளக்கினார். வெளிவிட்டம் சரி, துளை விட்டம் சரி. ஆனால் இரண்டுக்கும் மையம் ஒன்றாக இல்லை. மூன்று தாடை சக்கில் மாட்டிய பொருளைக் கழற்றித் திருப்பி மாட்டினால் அதே மையத்தில் உட்காராது, மயிரிழையாவது தள்ளும். அதனால் அச்சுத் துளை, உள்விட்டம், டயர் உட்காரும் வெளிவிட்டம் மூன்றையும் ஒரே மாட்டலில், கழற்றாமல் முடித்துவிட வேண்டும். மறுபக்கத்துக்கு, ஒரு துண்டுக் கம்பியைச் சக்கில் மாட்டி, அந்த உள்விட்டத்துக்குப் பொருந்தக் கடைந்து, கம்பியைக் கழற்றாமலே சக்கரத்தை அதில் செருகித் திருகி மறுபக்கத்தைக் கடைய வேண்டும். மேன்ட்ரல் என்பார்கள். மையம் அந்த லேத்திலேயே பிறந்தது, அதனால் தப்பாது.

அதன் பிறகு நான்கு மாதத்தில் பத்துப் பதினைந்து முறை அந்தப் பட்டறைக்குப் போயிருப்பேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பழைய கதையை அவர் எடுக்கவில்லை. எனக்கும் தைரியம் இல்லை. சக்கரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். அங்கே கற்றதில் மூன்று விஷயம் சொல்கிறேன். வீட்டில் லேத் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

ஒன்று. டயரை இறுக்கும் வளையத்தின் உள்விட்டம் 46.03 வர வேண்டும். அது உட்காரும் படி 46.00. வேக வேகமாகக் கடைந்து, சுடச்சுட அளந்தேன். 46.03. அறுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வளையம் ஏறவே இல்லை. வெந்நீரில் போட்டு எடுத்தால் நழுவி உட்கார்ந்தது. ஆறிய பிறகு கழற்ற வரவில்லை. அவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "கை பொறுக்கற சூட்டுக்கு வந்தப்புறம் அளக்கோணுங்க சார். நீங்கதானுங்க குண்டும் வளையமும் காட்டி எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

உண்மைதான். பித்தளைக் குண்டைச் சூடாக்கி, வளையத்துக்குள் நுழையாததைக் காட்டி, ஆறியதும் நுழைவதைக் காட்டி, வருடா வருடம் கைதட்டல் வாங்கியவன் நான். கணக்கும் கைவிரலில் இருக்கிறது. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 0.023 மி.மீ. நீளும். 46 மி.மீ. வளையம் 40 டிகிரி சூடேறினால் 0.04 மி.மீ. விரியும். நான் விட்ட இடைவெளி 0.03. தேர்வில் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் போட்டிருப்பேன். என் கார் ஷெட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதிலிருந்து, 600 சுற்றுக்கு மேல் போவதில்லை, 50 மி.மீ. விட்டத்துக்கு அதுவே நிமிடத்துக்கு 94 மீட்டர் வெட்டு வேகம். சின்ன பிரஷ்ஷில் சீமெண்ணெய் தொட்டுத் தொட்டு விடுகிறேன். டூல் முனையில் அலுமினியம் அப்பாது, பளபளப்பும் வரும்.

இரண்டு. 12 மி.மீ. அறுகோணம். என்னிடம் மில்லிங் மிஷின் கிடையாது. கையால்தான் ராவ வேண்டும். சக்கரத்தில் குழியாக வெட்டினால் அரம் உள்ளே ஓடாது. அதனால் 5 மி.மீ. கனத்தில் தனி வில்லை செய்து, ஆர்பாரத் துளையிட்டு, அதை அறுகோணமாக ராவி, சக்கரத்தின் முதுகில் திருகுவது என்று முடிவு. ஆறு மூலைக்கும் காம்பஸ் போதும்; ஆரத்தையே நாணாக வைத்து வட்டத்தைச் சுற்றினால் ஆறு முறையில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். மூலைகளில் சின்னத் துளை போட்டு, மிச்சத்தை முக்கோண அரத்தால் ராவ வேண்டும். ஆனால் நாலு இழுப்புக்குள் அரத்தின் பல்லில் அலுமினியம் அப்பிக்கொண்டு, பொருளைக் கீறிவிடுகிறது.

"சாக்பீஸ் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ராவினால் பல்லிடுக்கில் அலுமினியம் சிக்காது. பொடி தானாக உதிர்ந்துவிடும். வீட்டில் பீரோ மேல் ஒரு டப்பா இருந்தது. ஓய்வு பெற்ற நாளில் மேசையிலிருந்து எடுத்துவந்தது. சாக்பீஸுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது 31 வருடம் அதைப் பிடித்த கைக்குத் தெரியாது.

மூன்று. ஒரு சக்கரத்துக்கு 15 ஸ்குரூ. முன் வளையத்துக்கு 6, பின் வளையத்துக்கு 6, வில்லைக்கு 3. நாலு சக்கரத்துக்கு 60. எல்லாம் எம் 2 மரை, அதாவது 2 மி.மீ. 1.6 துளை போட்டு, ஈர்க்குச்சி கனமுள்ள டேப்பைக் கையால் திருகி மரை எடுக்க வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பதினேழாவது துளையில் அவசரப்பட்டேன். டேப் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. எஃகைத் துளைபோட வழியில்லை. அந்தச் சக்கரத்துக்கு நாலு நாள் உழைத்திருந்தேன்.

"படிகாரத்தக் கரைச்சு ஊறப் போடுங்க" என்றார். கண்ணாடிக் குப்பியில் படிகாரத்தைக் கெட்டியாகக் கரைத்து, சக்கரத்தை மூழ்கவைத்து, குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினேன். சூடு ஆற ஆற வெந்நீரை மாற்றினேன். எஃகைச் சுற்றிக் குமிழி குமிழியாக வந்தது. மறுநாள் சாயங்காலம் டேப் கறுப்புப் பொடியாகிவிட்டது. ஊசியால் குத்தினால் உதிர்ந்தது. அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, இரும்பைத் தின்னும். அலுமினியத்தை அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் காப்பாற்றுகிறது. இவருக்கு அந்த விளக்கம் தெரியாது. எனக்கு விளக்கம் மட்டும்தான் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லேத் பக்கத்தில் வேட்டி, துண்டு, தொளதொள சட்டை, கையுறை எதுவும் ஆகாது. கண்ணாடி கட்டாயம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைத் தொடாதீர்கள்.

போன வாரம் நாலு சக்கரமும் முடிந்தன. எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஒவ்வொன்றாக டயலில் வைத்துச் சுற்றினார். முதல் மூன்றும் மூன்று கோட்டுக்குள். நாலாவதைச் சுற்றிவிட்டு, "ரெண்டு கோடுங்க சார். எங்க பசங்களே இதுக்கு மேல எடுக்கறதில்லீங்க" என்றார்.

அந்த "ரெண்டு" என்னைப் பேசவைத்தது. "தொண்ணூத்தி ஆறுல உங்களுக்கு ஒரு பிராக்டிகல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு மார்க்குங்க சார். பத்துக்கு ரெண்டு." சக்கரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். "ஞாயித்துக்கெழமையானா பெரியப்பா பட்டறையில நிப்பனுங்க. கையில எடுத்ததுமே ஒரு இஞ்ச் ராடுன்னு தெரிஞ்சுது. அப்பறமும் ஒருக்கா வெச்சுப் பாத்தேன், சரியா இருந்துது. ஆறு தடவ எதுக்குப் பாக்கோணும்னுதானுங்க புரியல."

"ஆறு எடத்துல அளக்கணும்னு அர்த்தம். ஒரு எடத்துல தேஞ்சிருக்கலாம், ஒரு பக்கம் முட்டை வடிவமா இருக்கலாம். எல்லா எடத்துலயும் ஒரே விட்டமான்னு பாக்கத்தான் ஆறு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓவல் பாக்கறதுக்குங்களா? அதச் சொல்லியிருந்தா பாத்திருப்பனுங்க சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு ஜாப் பற்றிப் பேசுகிற அதே குரல். நான் சொல்லியிருந்தால் அவர் பார்த்திருப்பார். ஆறு முறை அளக்கச் சொன்னேன். எதற்கென்று 31 வருடத்தில் ஒரு வகுப்புக்கும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு எனக்கே அது உறைத்திருக்கவில்லை. எதற்கும் பொருந்த வேண்டிய அவசியமில்லாத ஓர் உருளையை அளந்துகொண்டிருந்தோம். மார்க் எழுதியதும் அது டப்பாவுக்குள் போய்விடும். அடுத்த பொருளோடு சேர வேண்டிய பொருளை அளந்தவன் அந்த வகுப்பில் ஒருத்தன்தான் இருந்தான். அவனுக்கு ரெண்டு மார்க்.

அந்த இன்னொரு வாக்கியத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். அதற்குள் அவருடைய மகன் டிபன் கேரியரோடு வந்துவிட்டான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடமாம். ஒரு பேப்பர் அரியர். என்னிடம் அறிமுகப்படுத்தும்போதே அவர் சொன்னார்: "ஒழுங்காப் படிக்கலீனா இங்கதான் வந்து லேத்துல நிக்கோணும்னு சொல்லிட்டிருக்கறனுங்க சார். நீங்களும் நாலு வார்த்த சொல்லுங்க."

என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது போலிருந்தது. நாலு வார்த்தை வரவில்லை. பையில் அந்தத் தள்ளாடும் சக்கரம் இருந்தது. அதை எடுத்துப் பையன் கையில் கொடுத்து, "கண்ணு, இதுல எல்லா அளவும் சரி. ஆனா சக்கரம் தப்பு. என்ன தப்புன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்றேன்.

பையன் மேசையிலிருந்த வெர்னியரை எடுத்தான். விட்டத்தை அளந்தான். திருப்பி அளந்தான். தலையைச் சொறிந்தான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அதுல தெரியாதுடா. இங்க வா, டயல எடு. மொதல்ல நடுவு எங்கன்னு பாரு" என்று மிஷினுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். நான் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன்.

படம் அதற்கு முந்தின நாள் எடுத்தது. ஐந்தாவது சக்கரம் இப்போது என்னிடம் இல்லை. மற்ற நாலும் பேரனுக்காகக் காத்திருக்கின்றன.

இந்த வருடமும் செய்முறை நோட்டுத் திருத்தப் போகிற ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு முறை ஏன் அளக்கச் சொல்கிறோம் என்று முதல் நாளே ஒரு வரி சொல்லிவிடுங்கள். அட்டவணை போடாமல் ஒரே வரியில் சரியான விடை எழுதுகிற பையன் இருந்தால், மார்க் போடுமுன் அவனைக் கூப்பிட்டு எப்படித் தெரிந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டும்.